காய்க்காத மரங்களின் கணக்கு

குடம்புளி விதையை ஊன்றியவர் அது பூப்பதற்குப் பத்து ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும், பன்னிரண்டும் ஆகலாம். பூத்த பிறகுதான் அது ஆண் மரமா பெண் மரமா என்பதே தெரியவரும். விதையில் முளைத்த கன்றுகளில் ஏறக்குறையப் பாதி, சில இடங்களில் பாதிக்கும் மேல், ஆணாகப் போய்விடுகின்றன. ஆண் மரம் பூக்கும், காய்க்காது. தென் கேரளத்தின் நெடுமங்காடு, பாலோடு பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் ரப்பருக்கும் தென்னைக்கும் மிளகுக்கும் இடையே ஒரு மரத்துக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தைப் பத்தாண்டு பிடித்து வைத்துக்கொண்டு ஒரு பழமும் தராத மரத்தை வெட்டி விறகாக்குபவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த முறை அவர் விதையை நம்பமாட்டார். நல்ல பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றை வாங்கி நடுவார். மூன்று நான்கு ஆண்டுகளில் காய் பார்த்துவிடுவார். ஒவ்வொரு தோட்டத்திலும் இது சரியான முடிவு. எல்லாத் தோட்டங்களிலும் இதே முடிவு எடுக்கப்பட்டு, காட்டிலும் அதே கண்ணோடு மரங்கள் பார்க்கப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. பயனுள்ள ஒரு மரப் பேரினத்தின் பரிணாம மூலதனம், நமக்கு உடனடிப் பயன் தராத அதன் உறுப்பினர்களிடம்தான், அதாவது ஆண் மரங்களிடமும் சந்தையில் பெயரில்லாத காட்டு உறவுகளிடமும்தான், பெருமளவு இருக்கிறது என்பது என் வாதம்.

குடம்புளி கார்சினியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. வெப்பமண்டலக் காடுகளில் பரவியிருக்கும் இந்தப் பேரினத்தில் நானூறு இனங்கள் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் கறுத்துச் சுருண்ட தோலாக விற்கும் குடம்புளி, கொங்கணத்தில் சர்பத்தாகும் கோகம், குற்றாலத்தில் சீசன் நாட்களில் குவியும் மங்குஸ்தான், இலங்கையின் கொறுக்காய்ப்புளி, மலேசியத் தமிழர் மீன் கறியில் போடும் அசாம் கெப்பிங் எல்லாம் இதற்குள் அடக்கம். குடம்புளி பழுப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். வெயிலில் காயவைக்க வழியில்லாததால் அடுப்புக்கு மேல் புகையில் உலர்த்துவார்கள். திருவிதாங்கூர் மீன் கறியின் அந்தப் புகை வாசம் ருசிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல, மழையின் விளைவு. இந்த மரங்களின் பட்டையைக் கீறினால் பெரும்பாலும் மஞ்சள் பால் கசியும். அதில் ஒருவகையை ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வண்ணமாகப் பயன்படுத்தினார்கள். 1908இல் ழான் பெரென் பாரிஸில் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை அளந்து அணுக்கள் மெய்யென்று நிறுவியபோது, அவர் எடுத்துக்கொண்ட துகள்கள் இந்தக் கார்சினியாப் பிசினின் துகள்கள். 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணுவின் இருப்புக்கும் அயலை மீன் கறிக்கும் ஒரே பேரினம் பங்களித்திருக்கிறது.

குடம்புளியை நூலில் ஏற்றியவர் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட். 1678இல் வெளிவந்த அவருடைய ஹோர்டஸ் மலபாரிகஸ் முதல் தொகுதியிலேயே மரத்தின் படமும் விவரமும் இருக்கின்றன. அந்த நூலுக்குத் தாவர அறிவை வழங்கியவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். கே. எஸ். மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்திலிருந்து 2003இல் வெளியிட்டது. பின்னால் வந்த லின்னேயஸ் இந்த மரமே ஓவியர்களின் மஞ்சள் பிசினைத் தருவது என்று தவறாக எண்ணி அதற்கேற்பப் பெயர் வைத்தார். வான் ரீடின் பெயரால் அமெரிக்க வெப்பமண்டல மரங்களுக்கு அவர் வைத்த ரீடியா என்ற பேரினமும் நிலைக்கவில்லை. பேட்ரிக் ஸ்வீனி 2008இல் வெளியிட்ட டி.என்.ஏ வழி மரபுக்கிளை ஆய்வில் ரீடியா கார்சினியாவுக்குள்ளேயே அடங்கியது. அட்லாண்டிக்குக்கு அப்பால் உள்ள மரங்களும் பாலோட்டு மரங்களும் ஒரே கிளைக்கூட்டத்தைச் சேர்ந்தவை என்று ஆனது. சந்தை ஒரு பழத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறது. அந்தப் பழத்துக்குப் பின்னால் இருக்கும் உறவுகளின் பரப்பு எவ்வளவு என்பது அண்மையில்தான் தெளிந்து வருகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவோம். பாலோட்டில் 1979இல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பேரினத்தைப் பற்றி 2016இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறது. மலைத்தொடரில் உள்ள கார்சினியா இனங்கள் ஒன்பது. அவற்றில் பெரும்பாலானவை இந்த மலைகளுக்கு வெளியே இல்லை. எல்லா இடத்திலும் இவை சமமாகப் பரவியிருக்கவும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பாஸ்கல் 1980களில் தெளிவாக வரைந்து காட்டியதுபோல, இந்த மலைத்தொடரில் தெற்கிலிருந்து வடக்கே போகப்போக மழையில்லாத மாதங்கள் கூடிக்கொண்டே போகும். அகத்தியமலையில் வறண்ட காலம் இரண்டு மூன்று மாதம். கொங்கணத்தில் ஆறு மாதத்தைத் தாண்டும். கோகம் அந்த நீண்ட கோடையைத் தாங்கி வடக்கே நிற்கிறது. குடம்புளி நீளவாக்கில் பல இடங்களில் பரவியிருக்கிறது. பெடோம் விவரித்த கார்சினியா திருவாங்கூரிக்காவும், திருவிதாங்கூர் வனக் காப்பாளராக இருந்த போர்டில்லன் பெயரிட்ட கார்சினியா இம்பெர்ட்டியும் தெற்கு முனையின் ஈரக்காடுகளை விட்டு நகரவில்லை. அவற்றின் உலகம் முழுவதும் நெய்யாறு, பேப்பாறை, செந்தூரணி, களக்காடு முண்டந்துறை என்று சில காட்டுப் பெயர்களுக்குள் முடிந்துவிடும்.

இப்படித் தெற்கே குவிந்திருப்பது ஏன்? சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தை எரிமலைக் குழம்பு மூடியபோதும், பின்னால் பருவநிலை வறண்ட கட்டங்களிலும், தென்முனை ஈரமாகவே இருந்து அடைக்கலம் கொடுத்தது என்று மகரந்தப் புதைபடிவங்களைக் கொண்டு வாதிடுபவர்கள் உண்டு. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஜான்வி ஜோஷியின் குழு, நானூறுக்கும் மேற்பட்ட மர, கொடி இனங்களின் பரவலையும் மரபுக்கிளைகளையும் ஒப்பிட்டு 2023இல் ஒரு முடிவை வெளியிட்டது: தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலை, பழைய கிளைகள் அழியாமல் தங்கிய இடமாகவும் புதிய கிளைகள் பிறக்கும் இடமாகவும் ஒருசேர இருக்கிறது. இரண்டில் எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நெடுங்காலம் நடந்த விவாதத்துக்கு இது நல்ல பதில் என்பேன். கார்சினியாவைப் பொறுத்தவரை அதன் பொருள், அகத்தியமலையில் குறுகி நிற்கும் ஓர் இனம் தேய்ந்துபோன மிச்சம் என்றோ, அண்மையில் கிளைத்த துளிர் என்றோ முன்கூட்டித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது. இரண்டுமே இழப்புக்குரியவை அல்ல. இதோடு செங்கோட்டைக் கணவாயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொல்லத்திலிருந்து ரயில் ஏறிவரும் அந்தத் தாழ்ந்த இடைவெளி, உயர்ந்த சோலைகளில் மட்டும் வாழும் பறவைகளைப் பிரித்துவிட்டது. அதற்குத் தெற்கே அஷாம்பு மலைகளில் மட்டும் உள்ள ஒரு சோலைப் பறவை 2017இல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. மலையுச்சியில் ஒதுங்கிய மரங்களுக்கும் இது பொருந்தலாம். குடம்புளி தாழ்ந்த நிலத்திலும் வளர்கிறது, குரங்குகள் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோகின்றன. அதற்குக் கணவாய் அவ்வளவு பெரிய தடையாக இராது. ஒரே பேரினத்துக்குள்ளேயே தனிமையின் அளவு இனத்துக்கு இனம் மாறுபடும் என்பதை மறந்துவிட்டுப் பொதுவாகப் பேசுவது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

இனி ஆண் மரம். ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்களாக இருப்பது பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு ஆறு அளவில்தான். தன் மகரந்தத்தால் தானே கருவுற வழியில்லாததால், ஒவ்வொரு விதையும் இரண்டு வேறு மரங்களின் கலப்பாகிறது. பன்மையைக் கலைத்துக் கலைத்துப் பரப்ப இதைவிடத் திறமான ஏற்பாடு குறைவு. அதற்கு ஒரு விலை உண்டு. அடுத்த தலைமுறையின் மரபணுக்களில் சரிபாதி ஆண்களிடமிருந்தும் சரிபாதி பெண்களிடமிருந்தும் வந்தாக வேண்டும், எத்தனை ஆண்கள் இருந்தாலும். சூவல் ரைட் கொடுத்த எளிய சூத்திரத்தில் இதைக் கணக்கிடலாம்: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஐம்பது ஆணும் ஐம்பது பெண்ணும் உள்ள நூறு மரக் கூட்டம் மரபியல் கணக்கிலும் நூறுதான். பத்து ஆண், தொண்ணூறு பெண் என்றால் அதே நூறு மரங்கள் முப்பத்தாறு மரங்களுக்குச் சமம். ஒரே ஆண், தொண்ணூற்றொன்பது பெண் என்றால் நான்கு. கண்ணுக்குத் தோப்பு முன்பைவிடச் செழிப்பாகத் தெரியும், கூடையில் பழம் இரு மடங்காக விழும், பன்மை மட்டும் நூறில் இருந்து நான்காகச் சுருங்கியிருக்கும். மரங்களை எண்ணிக் காட்டைக் காப்பவர்களுக்குப் பிடிபடாத இழப்பு இது. ஒட்டுக்கன்றுத் தோட்டத்தில் நிலைமை இன்னும் கடுமை. காய்ப்புக்காகச் சில ஆண் கன்றுகளையும் கலந்து நடச் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் தொண்ணூறு பெண் கன்றுகளும் ஒரே தாய் மரத்தின் ஒட்டு, பத்து ஆண் கன்றுகளும் ஒரே மரத்தின் ஒட்டு என்றால், அங்கே நிற்பது நூறு மரமல்ல, இரண்டு. அந்தத் தோட்டத்து விதைகள் அனைத்தும் கூடப்பிறந்தவை.

இதற்கு வலுவான எதிர்வாதம் மங்குஸ்தான். அதில் ஆண் மரமே இல்லை. அதன் விதை என்று நாம் சொல்வது கருவுற்று உண்டான விதை அல்ல. தாய்த் திசுவிலிருந்து நேரே முளைக்கும் கரு. ஒவ்வொரு மரமும் தாயின் நகல். ஆணில்லாமல் தென்கிழக்காசியா முழுக்கப் பரவி, பழங்களின் அரசி என்ற பட்டமும் வாங்கிய ஒரு கார்சினியா இருக்கும்போது, ஆண் மரங்களுக்காக ஏன் இவ்வளவு கவலை? கேள்வி நியாயமானது. முதலில், மங்குஸ்தானே கலப்பின் பிள்ளை. 1990இல் ஏ. ஜே. ரிச்சர்ட்ஸ், அது மலாக்கென்சிஸ், ஹோம்பிரோனியானா என்ற இரண்டு காட்டு இனங்கள் கலந்து குரோமோசோம்கள் இரட்டித்துப் பிறந்தது என்று முன்மொழிந்தார். பின்னர் வந்த டி.என்.ஏ ஆய்வுகள் மலாக்கென்சிஸ் உறவை ஏற்றன, ஹோம்பிரோனியானாவின் பங்கை ஐயப்பட்டன. எப்படியானாலும் அந்த அரசிக்குக் காட்டில் ஆணும் பெண்ணுமாகப் பூத்த முன்னோர் வேண்டியிருந்தது. இரண்டாவது, பிறந்த பிறகு அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது? தென்கிழக்காசியாவைப் போன்ற ஈரமான வெப்பத்தை விட்டு அது வெளியே வருவதில்லை. நம் பக்கத்தில் குற்றாலம், நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு, கேரளத்தின் சில ஈரமான பகுதிகள் என்று அதே சூழல் கிடைத்த இடங்களில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளிரையோ வறட்சியையோ சற்றுக் கூடுதலாகத் தாங்கும் மரம் வேண்டுமென்றால் நகல்களுக்குள் தேர்ந்தெடுக்க ஏதுமில்லை; சிறு சடுதிமாற்றங்கள் அங்கங்கே சேர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், ஆனால் அவற்றைக் கலந்து புதிதாக்கும் வழி அடைபட்டுவிட்டது. ஒரே நகலாகப் பெருக்கப்பட்ட குரோ மிஷேல் வாழையை ஒரு பூஞ்சை 1950களோடு உலக வணிகத்திலிருந்தே விரட்டியது. மங்குஸ்தானுக்கு அப்படி ஒரு நோய் இன்னும் வரவில்லை என்பது அதன் அதிர்ஷ்டம். அதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. மங்குஸ்தான் எனக்குச் சொல்வது, ஆணில்லாமல் ஒரு கார்சினியா வாழ முடியும், ஆனால் பிறந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பது.

அடுத்த எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது: பன்மையைக் காட்டில்தான் வைத்திருக்க வேண்டுமா, விதை வங்கியில் வைக்கலாமே? நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் அப்படித்தான் செய்கிறோம். கார்சினியா விதை அதற்கு ஒத்துழைக்காது. உலர்த்தினால் உயிர்விடும் வகை அது. உலர்த்தாததை உறைய வைக்க முடியாது. எனவே வங்கி என்றால் உயிருள்ள மரங்களின் தோட்டம்தான். பாலோட்டிலும், தேசிய தாவர மரபு வள நிறுவனத்தின் திருச்சூர் நிலையத்திலும் அத்தகைய சேகரிப்புகள் உண்டு, அவை இன்றியமையாதவை. ஆனால் மரத்தோட்டத்துக்கு நிலம் வேண்டும், ஆள் வேண்டும், பத்தாண்டுக் கணக்கில் பொறுமை வேண்டும். சில நூறு மரங்களுக்கு மேல் எந்த நிறுவனத்தாலும் தாங்க முடியாது. தேர்ந்தெடுத்து வைக்கும்போது கை தானாக நல்ல காய்ப்புள்ள பெண்ணை நோக்கிப் போகும். ஆண் மரத்தில் எதைப் பார்த்து நல்லது என்று சொல்வது? அதன் மகள்கள் காய்க்கும்வரை காத்திருந்தால்தான் தெரியும். அதற்குள் திட்டத்தின் நிதிக்காலம் முடிந்துவிடும்.

வீட்டுத் தோட்டங்களைப் பற்றி நான் முதலில் சொன்னதற்கு ஒரு திருத்தமும் தேவை. தென் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் உள்ள பழைய குடம்புளி மரங்களில் பெரும்பாலானவை ஒட்டுக் கட்டியவை அல்ல, யாரோ தின்று போட்ட, அல்லது யாரோ ஊன்றிய விதையில் வந்தவை. ஒன்றின் பழத்தைப் போல் அடுத்ததன் பழம் இருக்காது. வரிகளின் எண்ணிக்கை, தோலின் தடிமன், புளிப்பு எல்லாம் மாறும். ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில் கலந்து பூக்கும் மரங்களும் அங்கங்கே உண்டு. அந்த வகையில் இந்தத் தோட்டங்கள், திட்டமிடாமலே, எந்த நிறுவனமும் வைத்திருக்க முடியாத அளவு பெரிய சேகரிப்பு. ஒட்டுக்கன்றின் வரவால் இழக்கப்போவது இதைத்தான். அதற்காக ஒட்டுக்கன்றே கூடாது என்பது விவசாயியின் பத்தாண்டை நாம் செலவழிப்பதாகும். ஒரே தாய் மரத்துக்குப் பதிலாக வெவ்வேறு ஊர்களின் பத்து இருபது தாய் மரங்களிலிருந்து ஒட்டு எடுத்தால், காய்ப்புக்குப் பங்கமில்லாமலே கணக்கு வெகுவாக மாறும். ஒட்டுக்கு எடுக்கும் தண்டு நேராக மேலே போகும் கிளையா பக்கவாட்டுக் கிளையா என்பதைப் பொறுத்து மரம் உயர்ந்தோ படர்ந்தோ வளரும் என்று கவனிக்கும் நாற்றங்கால்காரர்கள், தாய் மரம் எந்த ஊர் என்பதையும் கன்றின் சீட்டில் எழுதி வைக்கலாம். கூடுதல் செலவு ஒரு பேனா மைதான்.

பெயரில்லாத உறவுகளைக் காக்கச் சொல்லும்போது எழும் கேள்வி, அவற்றால் என்ன பயன் என்பது. வழக்கமான பதில், அவற்றில் மருந்து இருக்கலாம் என்பது. பாலோட்டு ஆய்வாளர்கள் உண்மையிலேயே அகத்தியமலைக் கார்சினியாக்களில் குறிப்பிடத்தக்க சேர்மங்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பதிலில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, குடம்புளியின் சொந்த வரலாறே காரணம். அதன் புளிப்பு எந்த அமிலத்தால் என்பது 1965 வரை சரியாகத் தெரியாது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் லூயிஸ், நீலகண்டன் இருவரும் அது ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று காட்டினார்கள். 1969இல் லோவன்ஸ்டைனின் குழு, உடல் கொழுப்பை உருவாக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது என்று கண்டது. 1990களில் உடல் மெலிய வைக்கும் மாத்திரையாக மேற்கே அது விற்பனைக்கு வந்தது. வட கன்னடத்துக் காடுகளில் உப்பகெ என்று சொல்லப்படும் இதே பழத்துக்கு விலை ஏறி, யார் முந்துவது என்ற போட்டியில் பழுக்கும் முன்பே பறிக்கப்பட்டது. உலர்த்த வண்டி வண்டியாக விறகு எரிந்தது. 1998இல் ஹேம்ஸ்ஃபீல்ட் குழு 135 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரம் சோதித்து, வெற்று மாத்திரை விழுங்கியவர்களைவிட இதை விழுங்கியவர்கள் கூடுதலாக மெலியவில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதியது. காட்டில் விலையும் ஒருநாள் விழுந்தது.

கண்டுபிடிப்பிலிருந்து சோதனை வரை முப்பத்து மூன்று ஆண்டுகள். விதையிலிருந்து பூ வரை பத்துப் பன்னிரண்டு ஆண்டு எடுக்கும் மரத்துக்கு அது ஏறக்குறைய மூன்று தலைமுறைதான். அதற்குள் மனிதர்கள் அதைப் புளியாக, மருந்தாக, மாத்திரையாக, மறுபடியும் புளியாகப் பார்த்துவிட்டார்கள். ஆகவே எந்தப் பயனுக்காக எந்த மரத்தை வைத்துக்கொள்வது என்று சந்தையைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தால், பதில் வருவதற்குள் கேள்வி மாறியிருக்கும். வறண்ட மாதங்கள் கூடினால் தெற்கின் குடம்புளிக்குக் கோகத்தின் பொறுமை வேண்டிவரலாம். வேர் நோய் வந்தால் ஒட்டுக்கு வேறு காட்டு உறவின் வேர் வேண்டிவரலாம். எது வேண்டிவரும் என்று தெரியாத இடத்தில் செய்யக்கூடியது, தேர்ந்தெடுக்காமல் கூட்டமாக வைத்திருப்பது. அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாகி, 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பிலும் சேர்ந்தது. இடம் என்ற அளவில் பாதுகாப்பு இருக்கிறது. இல்லாதது இனவாரியான கணக்கு. இம்பெர்ட்டி போன்ற ஓர் இனத்துக்கு எத்தனை மரங்கள் நிற்கின்றன என்று மட்டும் குறிக்காமல், பூக்கும் பருவத்தில் ஒரு முறை போய் அவற்றில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, இரண்டுக்கும் நடுவே தூரம் எவ்வளவு என்றும், செங்கோட்டைக் கணவாயின் இரு பக்கத்திலும் உள்ள இனமென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகவும் குறிக்க வேண்டும். நூறு மரம் என்று எழுதியிருக்கும் பட்டியலில் உண்மையில் நூறு இருக்கிறதா, நான்குதான் இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.